முளைக்காத சுருள்

எங்கள் வாத்தியாருக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பிக்கப் பிடிக்காது. "வாசிக்கிறதை வீட்டிலை வாசியுங்கோ, இஞ்சை கையாலை செய்யுங்கோ" என்பார். குளத்துக்குக் கீழே காடு வெட்டி, காணி பிரித்துக் கொடுத்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் பள்ளிக்கூடம் முழுக்க. பள்ளிக்கூடம் என்றாலும் அரைச் சுவரும் கிடுகுக் கூரையும்தான். விஞ்ஞானச் சாமான் வைக்க ஒரு அலுமாரி இல்லை. இருந்திருந்தாலும் உள்ளே வைக்க ஒன்றும் இருந்திருக்காது. அதனால் எங்கள் வீட்டுக் குசினியும் வேலியும் வயலும்தான் அவருக்குச் சாமான் அறையாக இருந்தன.

இரண்டு சிரட்டையைக் கட்டித் தராசு செய்தோம். போத்தல் வாயில் புனல் வைத்து மழை அளந்தோம். பப்பாசித் தண்டால் ஒரு வாளித் தண்ணீரை மற்ற வாளிக்கு இழுத்தோம். எல்லாவற்றிலும் பெரிய வேலை தண்ணீர் சுற்றிவிடும் சக்கரம், தண்ணீர்ச் சில்லு. பிஸ்கற் தகரத்தை வெட்டிச் சிறகுபோலச் செட்டை செய்து, கட்டையில் அறைந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் இறக்கினோம். முதல் தரம் அது அசையாமல் நின்றது. அடுத்த தரம் தண்ணீரோடு போய்விட்டது, வகுப்பு முழுவதும் வாய்க்கால் வழியே அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. பிறகு ஒருநாள் சுற்றியது. நாங்கள் கூச்சல் போட்டோம். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "அது சரி, முதல் ஏன் சுத்தேல்லை?" என்று கேட்டார். அவருடைய வழக்கம் அது. சரிவந்ததைக் கொண்டாட விடமாட்டார், பிழைத்ததைக் கிளறச் சொல்வார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாய் கொஞ்சம் நீளம். வகுப்பில் எதையும் முதலில் சொல்வது நானாக இருக்க வேண்டும். வேறு யாராவது முதலில் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவா. "இவள் செத்தாலும் தான் செத்த கதையைத் தானே முதல் போய்ச் சொல்லுவாள்" என்று சிரிப்பா.

அந்த வருடம் புரட்டாதி பிறக்கும்போது வாத்தியார் விதைநெல்லில் கை வைத்தார். மாரி மழையில் விளையும் பெரிய போகமான காலபோகத்துக்கு விதைக்க ஊர் ஆயத்தமாகும் நேரம். முதல் மழைக்கு முன்னம் உழுத புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் ஆட்களின் முறை. எறிந்த நெல் முளைக்குமா முளைக்காதா என்பது மழை பெய்த பிறகுதான் தெரியும். "அதை ஏன் முதலே பாக்கக் கூடாது?" என்றார் வாத்தியார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை விதைநெல் வாங்கி வரச் சொன்னார். நனைத்த சாக்குத் துண்டை விரித்து, அதில் நெல்லை வரிசை வரிசையாக அடுக்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, வாழைநாரால் கட்டி, கூரையின் நிழலில் தொங்கவிட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுருள். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு பிள்ளை காவல். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பள்ளிக்கூட வேலியில், வாய்க்கால் கரையால் போகிற எல்லோருக்கும் தெரியும்படி, தார் பூசிய ஒரு பலகையை வாத்தியார் கட்டினார். சுருளை விரித்துப் பார்த்த பிறகு, எந்த வீட்டு நெல் எப்படி என்று அதில் எழுதுவோம். முதலில் விரித்த சுருள்களில் ஒன்றில் பாதிக்குமேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்த வீட்டுக்காரர் வந்து பார்த்து, மூட்டையைக் கொட்டி, அடியில் ஈரம் பிடித்த நெல்லை ஒதுக்கினார். "வாத்தியார் காப்பாத்திப் போட்டார்" என்று ஊர் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பலகைக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. வயலுக்குப் போகிற ஆட்கள் நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்கள்.

என்னுடைய காவலில் இருந்தது பக்கத்துக் காணிச் சுருள். அந்தக் காணிக்காரர்கள் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடம் தை முடிந்த பிறகுதான் அவர்கள் வந்து குடியேறினார்கள். யாழ்ப்பாணத்து ஊரில் இருந்த துண்டுக் காணியைத் தம்பிமாருக்கு விட்டுவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போக இடமில்லை. அரசாங்கக் காணி அலுவலகமான கந்தோர் கொடுத்த நெல்லைக் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்தில் விதைத்து, ஆவணியில் வெட்டி, கதிரைச் சூடு மிதித்து, அதில் நல்ல மணியாகப் பார்த்து விதைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதுதான் அவர்கள் இந்த மண்ணில் எடுத்த முதல் நெல். மாமி அதைக் கையில் அள்ளித் தரும்போது, பிள்ளையைத் தூக்கித் தருவதுபோலத் தந்தா. "கவனம் பிள்ளை, சிந்திப்போடாதை" என்றா.

காலபோகம் அவர்களுக்கு மற்ற எல்லோரையும்விட முக்கியம். புதிதாகக் காணி எடுத்தவர்கள் முதல் காலபோகத்தில் விதைக்காமல் விட்டால், கந்தோர் அந்தக் காணியை வேறு ஆளுக்கு எழுதிவிடும். கந்தோர் ஐயா மாரியில் சைக்கிளில் வந்து வரப்பு வரப்பாகப் பார்ப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

என் சுருளை விரித்த நாளில் வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. நெல் எல்லாம் அடுக்கியபடியே இருந்தது. பூஞ்சணம் இல்லை, நாற்றம் இல்லை. ஒரு வெள்ளை முனைகூட இல்லை. மற்றச் சுருள்களில் எல்லாம் வேர் பின்னிக்கொண்டு கிடக்க, என்னுடையது மட்டும் அப்படியே இருந்தது. வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "தண்ணி ஒழுங்கா விட்டனியோ?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. விட்டேன், ஒரு நேரம்கூடத் தவறவில்லை. திரும்பவும் ஒருதரம் செய்து பார்ப்போம் என்றார். மாமியிடம் இன்னொரு கை நெல் வாங்கி வந்தேன். இந்த முறை சுருளை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நானே காவல் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போய் விரித்தோம். அதிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

வாத்தியார் பலகையில் அந்தக் காணிக்கு நேரே "முளைக்கவில்லை" என்று எழுதினார். அவ்வளவுதான் எழுதினார். நான் அவருடைய அனுமதிக்குக்கூட நிற்கவில்லை. மாமி வீட்டுக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வாய்க்கால் கரையால் ஓடினேன். வழியில் வயலில் நின்றவர்கள், "என்னடி பிள்ளை, இந்த ஓட்டம் ஓடுறாய்?" என்று கேட்டார்கள். "மாமி வீட்டு நெல் செத்துப்போச்சு!" என்று கத்தினேன். நின்று நின்று, கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். "செத்த நெல்! ஒண்டுகூட முளைக்கேல்லை!" என் குரலில் கவலை இருக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. சந்தோஷம்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் சுருள்களில் நடக்காத ஒன்று என் சுருளில் நடந்திருக்கிறது, அதைச் சொல்வது நான். மாமியின் முற்றத்துக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்னமே அந்தச் சொல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. நான் சொன்னதும் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை, கூட்டியபடியே இருந்தா. மாமாதான் கேட்டார், "வாத்தியார் வடிவாப் பாத்தவரோ?" "ரெண்டு தரம் பாத்தவர், மாமா. இரண்டாந் தரம் நானே வைச்சனான்" என்றேன். அவர் உள்ளே போய், விதை மூட்டைக்குள் கையை விட்டு, கொஞ்சம் அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்வைக்கு அது நல்ல நெல்தான்.

விதைக்கு நெல் வேண்டும், ஊரில் யாரிடமும் பெரிதாக மிச்சமில்லை. எங்கள் வீட்டில் ஐயா, என் அப்பா, மிஞ்சியதைக் கொடுத்தார், அது வயலின் ஒரு மூலைக்குத்தான் காணும். மல்லாவிப் பக்கம் ஒருவர் விதைநெல் வைத்திருப்பதாகவும், அரிசி கொடுத்தால் மாற்றித் தருவார் என்றும் கதை வந்தது. முளைக்காத நெல்லை வைத்து என்ன செய்வது? மாமா நெல் அவிக்கும் பெரிய கிடாரத்தை முற்றத்து அடுப்பில் ஏற்றி, ஒதுக்கி வைத்திருந்த விதைநெல் முழுவதையும் அவித்தார். புழுங்கல் வாசம் வேலி தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா, "ஐயோ, விதைநெல்லு" என்று மட்டும் சொன்னா. நெல் அவிக்கிற வாசம் எல்லோருக்கும் பசி கிளப்பும். எனக்கு அன்றையிலிருந்து வயிற்றைப் பிரட்டும். எத்தனையோ வருடம் நானே நெல் அவித்துக் குற்றிச் சமைத்திருக்கிறேன், இருந்தும் அது போகவில்லை.

குற்றிய அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாமா மல்லாவிக்குப் போய் வந்தார். ஒருதரம் போனபோது ஆள் இல்லை. இன்னொருதரம் போய் வாங்கி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. புழுதியில் எறிய வேண்டிய வயல் சேறாகிவிட்டது. சேறடிக்க எருமை வேண்டும், எருமை வைத்திருந்தவர்கள் தங்கள் வேலை முடிந்துதான் தருவார்கள். எங்கள் வயலெல்லாம் பச்சை பிடித்து முழங்கால் அளவுக்கு வந்த பிறகு, கார்த்திகை முடியும் நேரத்தில் மாமா விதைத்தார். அதுவும் விளைய நீண்ட நாள் எடுக்கும் நெல். கந்தோர் ஐயா வந்து பார்த்து, "பிந்திப்போச்சு" என்று சொன்னாலும் காணியில் கை வைக்கவில்லை. அந்த அளவில் தப்பியது.

நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை பெய்து சில நாள் கழித்து, மாமி வேலியால் என்னைக் கூப்பிட்டா. "பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா." கிடாரம் ஏற்றிய இடத்தைச் சுற்றி, முற்றம் முழுக்கப் பச்சை ஊசியாக ஏதோ முளைத்திருந்தது. புல்லென்றுதான் நினைத்தேன். மாமி குனிந்து ஒன்றைக் கிள்ளாமல் வேரோடு எடுத்துக் காட்டினா. வேரில் நெல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. அவிக்கும்போது மூட்டையிலிருந்து சிந்திய பச்சை நெல். அவியாமல் தப்பியது அத்தனையும் முளைத்திருந்தது.

மாமா பின்னால் வந்து நின்றார். "இது எங்கட நெல்தானே?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு ஓடிப்போக வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு புதுச் சேதியை நான் யாருக்கும் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் வாத்தியாருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். முற்றத்தில் குந்தி இருந்து முளைகளைப் பார்த்தார். இரண்டாந் தரம் வாங்கியதில் என்னுடைய தகரப் பேணியில் மிஞ்சிக் கிடந்த அதே நெல்லை எடுத்து, அன்றே ஒரு சுருள் கட்டினார். அதை விரித்தபோது முழுவதும் முளைத்திருந்தது. அவர் யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான்: மற்ற எல்லோருடைய விதையும் மாசியில் வெட்டி, ஏழெட்டு மாதம் மூட்டையில் கிடந்தது. மாமா வீட்டு நெல் மட்டும் ஆவணியில் வெட்டியது. வெட்டின புதிதில் நெல் உறங்கும், கொஞ்ச நாள் போனால்தான் முழிக்கும். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஒரு போகம். வெட்டிய நெல் அடுத்த மழை வரும்வரை எப்படியும் கிடக்கும். அதனால் எங்கள் ஆட்கள் யாருக்கும் நெல் உறங்குவதைக் காணும் வாய்ப்பே வந்ததில்லை. குளத்துத் தண்ணீரில் இரண்டு போகம் செய்ய வந்த பிறகுதான் அது நேர்ந்தது, அதுவும் புதிதாக வந்த ஒரு வீட்டுக்கு மட்டும். சோதனை சரி. முளைக்கவில்லை என்பதும் அன்றைக்கு உண்மை. செத்துப்போச்சு என்பதுதான் பொய், அது என்னுடைய சொல்.

"என்ரை பிழை, அண்ணை" என்றார் வாத்தியார். மாமா, "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லையே, வாத்தியார்" என்று சொல்லி, உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். வாத்தியார் உட்காரவில்லை. ஐயாவும் வீட்டில் என்னிடம், "உன்னிலை பிழையில்லை, நீ சின்னப்பிள்ளை" என்று சொன்னார். அதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழையில்லை என்று சொன்னால் பிழை எங்கே போகும்? யாராவது ஒருதரம் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வாத்தியார் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். சுருள், தராசு, சில்லு எல்லாம் மூலைக்குப் போயின. புத்தகத்தைத் திறந்து, வரி வரியாக வாசிப்பித்தார். நாங்கள் வாசித்தோம். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது.

இதற்கிடையில் ஊர் அந்த வீட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது. செத்தநெல் வீடு. யாரும் கெட்ட மனதோடு வைக்கவில்லை. புதுக் குடியேற்றத்தில் வீடுகளுக்கு அடையாளம் வேண்டும், முதலில் கிடைத்தது ஒட்டிக்கொள்ளும். "செத்தநெல் வீட்டுக்குப் பக்கத்து வளவு", "செத்தநெல் வீட்டு மாமி". நெல் உயிரோடு இருந்தது என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. என் சினேகிதிகள் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, "இவள் வைச்ச பேர்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள்.

மாமி முற்றத்து முளைகளை வீணாக விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குசினித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டா. மூன்று மாத நெல் அது. தைப்பூசத்துக்கு முற்றிவிட்டது. தைப்பூசத்தன்று புதிர் எடுப்பது எங்கள் வழக்கம். வயலில் முதல் கதிரை வெட்டி வந்து, புது அரிசியை உலையில் இட்டு, அயலோடு இருந்து சாப்பிடுவது. எல்லோரும் வயலுக்குப் போனார்கள். மாமா வயலில் அப்போது கதிர் இல்லை, வெறும் பச்சைதான். மாமி குசினிப் பின்பக்கத்தில் ஒரு பிடி கதிர் அரிந்தா. கையால் உருவி, உரலில் இடித்து, பழைய அரிசியோடு அந்தச் சின்னக் கை அரிசியைக் கலந்து பொங்கினா. சாப்பிட என்னையும் வாத்தியாரையும் கூப்பிட்டா.

எனக்கு வாழையிலை போட்டு முதலில் எனக்குத்தான் வைத்தா. "நீதானே முதல் முளைக்கப் போட்டனி, நீதான் முதல் சாப்பிட வேணும்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. சாப்பிடாவிட்டால் இன்னும் பெரிய பாவம் என்று நினைத்து விழுங்கினேன். எது புது அரிசி, எது பழையது என்று நாக்குக்குத் தெரியவில்லை.

வாத்தியார் கை கழுவிவிட்டு எழும்பியபோது மாமா உள்ளே போய் மிச்சக் கதிரைத் துணியில் கட்டிக் கொண்டு வந்தார். முழுவதையும் சமைக்கவில்லை. "இந்தாங்கோ, இது இண்டைக்கு வெட்டினது" என்று நீட்டினார். வாத்தியார் புரியாமல் பார்த்தார்.

"கிழமைக்குக் கிழமை போட்டுப் பாருங்கோ. எப்ப முழிக்குதெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

"வேண்டாம், அண்ணை. நான் அந்த வேலையெல்லாம் விட்டிட்டன்."

அப்போதுதான் மாமா கோபப்பட்டார். விதைநெல்லை அவித்தபோது வராத கோபம், ஊர் சிரித்தபோது வராத கோபம், அன்றைக்கு வந்தது. "விட்டிட்டீங்களோ? பாதியிலை விடவோ எங்கட நெல்லை வாங்கினனீங்கள்? சில்லுச் சுத்தாட்டி ஏன் எண்டு கேப்பீங்களாம், இந்தப் பிள்ளை சொன்னவள். எங்கட நெல் முளைக்காட்டி மட்டும் ஏன் எண்டு கேக்கேல்லையே. இப்பவாவது கேளுங்கோ!"

வாத்தியார் இரண்டு கையாலும் அந்தத் துணியை வாங்கினார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் புத்தகம் திறக்கவில்லை. "ஏன் முளைக்கேல்லை?" என்று எங்களிடம் கேட்டார். அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அந்தக் கிழமையே தொடங்கினோம். ஒவ்வொரு கிழமையும், ஏழு நாளைக்கு ஒருதரம், கொஞ்ச நெல், ஒரு புதுச் சுருள். காவல் நான்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. முதல் கிழமை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. வெள்ளை முனை தெரியாத ஒவ்வொரு சுருளிலும் நெல் நெல்லாகத் தடவித் தேடுவேன். உண்மையிலேயே செத்திருந்தால் நல்லது என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

இதே நேரத்தில் ஊரெல்லாம் அருவி வெட்டு, நெல் அறுவடை. மாமா எங்கள் வயலில் கூலிக்கு வெட்டினார், மற்ற வயல்களிலும் வெட்டினார். ஊர் வயல் முழுக்க வெட்டி முடிந்தபோது, அவருடைய வயல் மட்டும் பச்சையாக நின்று பால் பிடித்தது. ஒரு ஊரின் குருவி முழுவதும் அந்த ஒரு வயலில் வந்து இறங்கியது. வாத்தியார் பழைய சில்லை மூலையிலிருந்து எடுத்தார். சில்லின் அச்சில் ஒரு கட்டையைப் பூட்டி, அது சுற்றும்போது தொங்குகிற தகரத்தில் அடிக்கும்படி செய்தோம். மாமா வயலோரத்து வாய்க்காலில் இறக்கினோம். டங் டங் என்று விடாமல் அடித்தது. குருவி எழும்பிப் போனது. எங்களுக்கு மன ஆறுதலாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. வகுப்பில் இருந்தபடியே அந்தச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் பாடத்துக்கு நடுவில் சத்தம் நின்றுவிட்டது. கட்டை கழன்றிருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டை சரியாகத்தான் இருந்தது, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஊரில் எல்லோருடைய வயலும் வெட்டியாகிவிட்டது என்று குளத்தின் துருசை, தண்ணீர் திறக்கும் மதகை, பூட்டிவிட்டார்கள். ஒரு வயலுக்காக யார் தண்ணீர் விடுவார்கள்? அன்றிலிருந்து மாமி தகரமும் தடியுமாக வரப்பில் நின்றா. விடிந்தால் பொழுதுபடும்வரை குருவிக்குக் கத்திக்கொண்டு வயலைச் சுற்றி நடந்தா. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போய்க் கத்தினோம், அதற்குள் காலைக் குருவி தின்றுவிட்டுப் போய்விடும்.

அந்த நாட்களில்தான் நெல் முழித்தது. சுருளை விரித்தேன், வரிசை வரிசையாக வெள்ளை முனை. வாத்தியார் என் தோளைத் தட்டி, "போய்ச் சொல்லு" என்றார். முன்னம் ஓடிய அதே வாய்க்கால் கரை. நடந்துதான் போனேன். வழியில் யாருக்கும் சொல்லவில்லை.

"மாமி, நெல் முழிச்சிட்டுது" என்றேன். மாமி வாயைத் திறந்தா, சத்தம் வரவில்லை. குருவிக்குக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையால் காட்டினா. என் காதோரம் குனிந்து, காற்றாகத்தான் சொன்னா. "அந்தப் பலகையிலை எழுதுவியோ, பிள்ளை? எங்கட நெல் உசிரோடைதான் இருந்தது எண்டு."

அவ்வளவு நாளும் மாமி கேட்டது அது ஒன்றுதான். விதை கேட்கவில்லை, பயிர் கேட்கவில்லை. பலகையைத் திரும்பவும் வேலியில் கட்டினோம். நானே பெரிய எழுத்தில் எழுதினேன். வெட்டிய புதிதில் நெல் உறங்கும், அது உயிருள்ள நெல், பொறுத்திருந்து விதைக்கவும் என்று, அந்தக் காணிக்கு நேரே. ஊரில் அப்போது வயல் வேலை இல்லை, கரையால் போக ஆட்களும் இல்லை. போன சிலர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்கள். சித்திரையில் புழுதிக் காற்று அடித்து எழுத்தை மூடியது. மாமா வயலில் பதராகப் போன சப்பியும் நெல்லுமாகக் கொஞ்சம் தேறியது. காணி போகவில்லை, அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அடுத்த போகங்களில் நன்றாகவும் விளைந்தது.

நான் கலியாணம் முடித்து வேறு இடம் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு, ஐயாவைப் பார்க்க பஸ்ஸில் வந்தேன். அப்போது கிரவல் றோட்டுப் போட்டு, கொலனிக்குள் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. சந்தையடியில் மாமி ஏறினா. தலை நரைத்திருந்தது, கையில் ஒரு பை. பின்னால் இருந்த என்னைக் காணவில்லை. முன் சீற்றில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தா.

"எங்கை அம்மா?" என்றான் கொண்டக்டர்.

"செத்தநெல்லடி" என்றா மாமி. ஆலடி, பாலத்தடி என்று சொல்வதுபோலத்தான் சொன்னா, முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

கொண்டக்டர் ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். எனக்கும் அங்கேதான் இறங்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, சொல்ல முடியவில்லை. பாலத்தடி என்றேன். மாமி இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாலத்தடியில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.